வாஷிங் மெஷினில் ஒரு தவளை

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு வாஷிங் மெஷினிலிருந்து ஒரு தவளை வந்தது. பச்சை முதுகு, மஞ்சள் வயிறு, பின்னங்கால் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ரப்பர் குஞ்சலம். துணி எடுக்கப் போன வீட்டுக்காரம்மா, அதைக் கையில் எடுத்த பிறகுதான் என்னவென்று பார்த்திருக்கிறார். அந்தச் சத்தம் எங்கள் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

"என்னங்க இது?"

"தவளை."

"அது தெரியுது. பேன்ட் பாக்கெட்ல எதுக்குத் தவளை?"

"விராலுக்கு."

"முள்ளு இருக்கா அதுல?"

"ரெண்டு இருக்கு."

அதற்கப்புறம் நடந்ததை இங்கே எழுதுவதற்கில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சுண்டுவிரல் நீளத்துக்கு இரண்டு தூண்டில் முள் வைத்த அந்தத் தவளை, முக்கால் மணி நேரம் புடவை, துண்டு, பள்ளிச் சீருடை எல்லாவற்றோடும் சேர்ந்து சுழன்றிருக்கிறது. ஒரு துண்டில் ஒரே ஒரு நூல் பிரிந்திருந்தது. மற்ற துணியெல்லாம் பத்திரம்.

காரணம் இருக்கிறது. முள் இரண்டும் தவளையின் முதுகோடு ஒட்டி, நுனி மேலே பார்க்கிற மாதிரி படுத்திருக்கும். வேலம்பாசியோ அல்லித் தண்டோ உரசினால் வழுக்கிக்கொண்டு போய்விடும். உடம்பு உள்ளே கூடு. மீன் வாயில் வைத்து அமுக்கினால் அது சப்பிப்போகும், முள் எட்டிப் பார்க்கும். குளத்துக்காகச் செய்த தந்திரம் வாஷிங் மெஷினிலும் பலித்திருக்கிறது. இதை வீட்டில் விளக்கிச் சொன்னேன். பாராட்டு ஒன்றும் கிடைக்கவில்லை.

சரி, அங்கே எடுபடாததை இங்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். ரப்பர் தவளை, ரப்பர் புழு, ரப்பர் குட்டிமீன் வைத்து நம் ஊர்க் குளத்தில் விரால் பிடிக்கிற கதை இது.

செருப்புத் தவளை

எனக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தது கடையில் வாங்கிய லூர், அதாவது பொய் இரை, இல்லை. மணப்பாறைப் பக்கம் அம்மா பிறந்த ஊர். பள்ளிக்கூடம் லீவு விட்டால் அங்கேதான். மாமா பையன் என்னைவிட நாலு வயது பெரியவன். அவனிடம் ஒரு வித்தை இருந்தது. வார் அறுந்த ஹவாய் செருப்பை எடுத்து, பிளேடால் கட்டைவிரல் அளவுக்கு ஒரு துண்டு வெட்டுவான். ஒரு பக்கம் கூராக, ஒரு பக்கம் மொத்தையாக. அதில் குறுக்கே ஒரு பெரிய முள்ளைச் செருகி, மூங்கில் கழியில் கட்டின நரம்பில் முடிந்து, அல்லி இலைகளுக்கு மேலே தத்தித் தத்தி இழுப்பான். செருப்பு மிதக்கும் அல்லவா? இலைமேல் ஏறும், இறங்கும், 'டப்' என்று தண்ணீரில் விழும். அந்த 'டப்'புக்கு விரால் வரும்.

லூர் என்ற வார்த்தை அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. அவன் வைத்த பெயர் செருப்புத் தவளை.

மற்றவர்கள் எல்லாம் உயிர்த் தவளைதான். முதுகுத் தோலில் முள்ளைக் கோத்துத் தண்ணீரில் விடுவார்கள். அது நீந்தும், தவிக்கும், விரால் வந்து கவ்வும். இதைவிடக் கைமேல் பலன் தருகிற இரை கிடையாது. ஆனால் எனக்கு அதைப் பார்க்க முடியாது, அன்றும் இன்றும். போதாக்குறைக்கு, வயல் பூச்சியைத் தின்று தீர்க்கிற பிராணி அது. ஒரு காலத்தில் கூடை கூடையாகப் பிடித்துக் காலை மட்டும் வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1987இல் அந்த ஏற்றுமதிக்கே இந்தியா தடை போட்டது. ஆக, பொய்த் தவளை வந்தது தவளைகளுக்கு நல்ல சேதிதான். அது குளத்துக்கும் நல்ல சேதியா என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

யார் இந்த விரால்?

பெரும்பாலான மீன்கள் தண்ணீருக்குள் மூச்சு விடும். விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கும். செவுளுக்கு மேலே அதற்கென்று தனி அறை உண்டு. காற்றுக் கிடைக்காவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துவிடும். குளம் வற்றினாலோ சேற்றுக்குள் புகுந்துகொண்டு நாள் கடத்தும். கோடையில் நம் திருச்சி மாவட்டத்திலும் புதுக்கோட்டைப் பக்கமும் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். வெள்ளைத் துண்டை வீசியதும் சுற்றுவட்டார ஊர் ஜனமெல்லாம் ஊத்தாவும் வலையுமாக இறங்கும். அன்றைக்கு எல்லோரும் தேடுவது இதைத்தான். கெண்டை கிடைத்தவர் சும்மா நடப்பார், விரால் கிடைத்தவர் அதைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நடப்பார்.

உடம்பில் பட்டை பட்டையாக இருப்பதால், 1793இல் ப்ளோக் என்கிற ஜெர்மன்காரர் இதற்கு 'ஸ்ட்ரையாட்டா' என்று பெயர் வைத்தார், கோடு போட்டது என்று அர்த்தம். இதன் பெரியப்பா பூவிரால், வாலடியில் கண் மாதிரி ஒரு பொட்டு இருக்கும். சின்னத் தம்பி குரவை, வாய்க்காலுக்கு வாய்க்கால் கிடக்கும், ரோஷம் மட்டும் அண்ணனைவிட அதிகம். தெலங்கானாவில் விரால்தான் மாநில மீன். மலேசியாவில் 'ஹாருவான்' என்று சொல்லி, அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு சூப் வைத்துக் கொடுக்கிறார்கள். நம் வீடுகளில் பிரசவம் ஆனவளுக்குத் தேடி வாங்கிக் கொடுப்பதும் இந்த மீனைத்தான்.

பிடிக்கிறவனுக்குத் தெரிய வேண்டியது ஒன்று. விரால் துரத்திப் பிடிக்கிற மீன் இல்லை. பாசிக்குக் கீழே, இலை நிழலில், கட்டை மாதிரி கிடக்கும். தலைக்கு மேலே ஏதாவது அசைந்தால் ஒரே அடி. அது ஒளிந்திருக்கிற இடமோ, சாதாரண முள்ளைப் போட்டால் பாசி மூட்டை மட்டும் வருகிற இடம். அதனால்தான் முள்ளை மறைத்து வைக்கிற ரப்பர் சமாச்சாரம் இதற்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி அமைந்துவிட்டது.

ஒரு புழு பிறந்த கதை

இந்த ரப்பரெல்லாம் உண்மையில் ரப்பர் இல்லை, பெரும்பாலும் பி.வி.சி. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய் எதனால் ஆனதோ அதே சரக்குதான். இளக்குகிற எண்ணெயைத் தாராளமாகக் கலந்து, சூடாக்கி, அச்சில் ஊற்றிவிட்டால் குழாயாக வர வேண்டியது புழுவாக வரும். சிலர் அதில் உப்புக் கலப்பார்கள், கனத்துக்கும் ருசிக்கும். பூண்டு வாசனை, சோம்பு வாசனை எல்லாம் உண்டு. ஒரு பாக்கெட்டைப் பிரித்தால் எங்கள் வீட்டில், "யாரு ரசம் வைக்கிறது?" என்று கேட்கிற அளவுக்கு.

இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து அக்ரன் நகரத்துக்காரர், நிக் க்ரீம். 1949இல் வீட்டு அடுப்பங்கரையிலேயே காய்ச்சி, நிஜ மண்புழுவை வைத்து எடுத்த அச்சில் ஊற்றினார். 1951இல் விற்பனைக்கு வந்தது. பின்னால் அவர் கம்பெனி டெக்சாஸுக்குப் போனது. அங்கே புதிது புதிதாக அணை கட்டி, காட்டு மரங்கள் மூழ்கிக் கிடந்த ஏரிகள். முள் எல்லாம் மரத்தில் மாட்டிக்கொண்டது. அந்த அவஸ்தையில் பிறந்ததுதான் டெக்சாஸ் ரிக். முள் நுனியைப் புழுவின் உடம்புக்குள்ளேயே புதைத்து வைக்கிற கட்டு.

அதைக் கட்டுவது எப்படி என்று சொல்லிவிடுகிறேன், கையில் ஒரு புழு இருந்தால் கூடவே செய்து பாருங்கள். இதற்கென்று தோள்பட்டை மாதிரி ஒரு மடிப்பு வைத்த முள் விற்கிறது. அதன் நுனியைப் புழுவின் மூக்கில் நேராகக் குத்தி, அரை சென்டிமீட்டர் போனதும் தாடைப் பக்கமாக வெளியே எடுங்கள். இப்போது முள் முழுவதையும் அந்தத் துளை வழியாக இழுத்து, மேலே உள்ள மடிப்பு மூக்குக்குள் போய் உட்காரும்வரை கொண்டு வாருங்கள். முள்ளை அரை வட்டம் திருப்பினால் நுனி புழுவின் வயிற்றைப் பார்க்கும். அவசரப்படாமல், முள்ளைப் புழுவோடு சேர்த்துப் பக்கவாட்டில் வைத்து, வளைவு எந்த இடத்தில் வருகிறது என்று நகத்தால் ஒரு கீறல் போட்டுக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் குத்தி முதுகு வழியாக வெளியே கொண்டு வாருங்கள். வெளியே வந்த நுனியை முதுகுத் தோலில் லேசாகக் கொக்கி மாட்டுகிற மாதிரி செருகிவிடுங்கள். புழு நேராக இருக்க வேண்டும். கொஞ்சம் கூனினாலும் தண்ணீருக்குள் பம்பரம் மாதிரி சுற்றும், நரம்பு முறுக்கேறும், மீன் வராது.

எனக்கு முதல் பத்துப் புழு பிய்ந்துதான் போனது. பதினொன்றாவது நேராக வந்தது.

மற்ற கருவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறரை அல்லது ஏழு அடி ராடு, கொஞ்சம் விறைப்பாக. நாற்பது பவுண்டு பின்னல் நரம்பு. ஒரு கிலோ மீனுக்கு அவ்வளவு எதற்கு என்று கேட்பீர்கள். அடித்த விரால் நேராகப் பாசிக்குள் பாயும். மீனும் அஞ்சு கிலோ பாசியும் சேர்ந்து வரும்போது தெரியும் எதற்கென்று. திறந்த தண்ணீர் இருந்தால், மூன்று நாலு அங்குலத்தில் துடுப்பு வால் வைத்த குட்டிமீன் லூர். நம் குளங்களில் நிறைந்து கிடக்கிற ஜிலேபிக் கெண்டைக் குஞ்சு மாதிரியே போகும். ஜிலேபியே 1952இல் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட மீன். விரால் அதைச் சொந்தக்காரனாகவே ஏற்றுக்கொண்டு தின்கிறது. தண்ணீர் தெளிவாக இருந்தால் மீன் நிறம், கலங்கியிருந்தால் கறுப்பு. கலங்கல் தண்ணீரில் கறுப்பா என்று யோசிக்க வேண்டாம். கீழேயிருந்து வானத்தைப் பார்க்கிற மீனுக்குக் கறுப்புதான் எடுப்பாகத் தெரியும்.

கனத்துக்கு இழு

முதல் வருஷம் முழுக்க நான் ஒரு விரால்கூடப் பிடிக்கவில்லை. அடிக்காமல் இல்லை. அடித்தது. அதுதான் கொடுமை.

ஓலையூர் பக்கம் ஒரு குளம். எந்தக் குளம் என்று கேட்காதீர்கள், தூண்டில்காரனிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. காலை ஆறு மணி. அல்லி இலைக்கு மேலே தவளையை வீசி, ஒரு தத்து, ஒரு நிறுத்தம், ஒரு தத்து என்று இழுத்து வருவேன். திடீரென்று இலை கிழிந்து, வாளித் தண்ணீரை ஓங்கி அறைந்த மாதிரி ஒரு சத்தம். என் கை என்னைக் கேட்காமலே ராடை வெட்டி இழுக்கும். தவளை மட்டும் சீறிக்கொண்டு என் முகத்துக்கு வரும். ஒரு தடவை தொப்பியில் மாட்டியது. இன்னொரு தடவை பின்னால் நின்ற டி.வி.எஸ். எக்ஸெல்லின் சீட்டில்.

அந்த சீட்டின் சொந்தக்காரர் ஒரு பெரியவர். எழுபது இருக்கும். எதிர்க்கரையில் உயிர்த் தவளை போட்டுக்கொண்டிருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். முள்ளைக் குறடால் எடுத்துக் கொடுத்துவிட்டு என் தவளையை வாங்கிப் பார்த்தார். அமுக்கினார். மோந்தார்.

"எம்புட்டு இது?"

"முந்நூறு ரூவாங்க ஐயா."

"முந்நூறு ரூவாய்க்குத் தவளையா?" என்று சொல்லி ஒரு சிரிப்பு. அப்புறம், "காலையிலேருந்து பாக்குறேன், நாலு அடி. நாலையும் விட்டீங்க. சத்தத்துக்கு இழுக்குறீங்க தம்பி. சத்தத்துக்கு இழுக்கக் கூடாது. கனத்துக்கு இழுக்கணும்."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். விரால் முதலில் அடிக்கும். அடித்துத் தண்ணீருக்குள் இழுக்கும். பிறகு திரும்பும். திரும்பும்போதுதான் இரை வாய்க்குள் முழுதாகப் போகும். நடுவில் பாசி வேறு. பாதி அடி குறி தப்பித்தான் விழும். தப்பிய அடிக்கு நீ இழுத்தால் தவளை பத்தடி தள்ளிப் போய்விடும், மீனுக்கு ஆட்டம் முடிந்தது. இழுக்காமல் அங்கேயே கிடக்க விட்டால், இன்னொரு அடி வரும்.

"கண்ணு பாக்கும், காது கேக்கும். ரெண்டையும் நம்பாதீங்க. நரம்புல தெரியும் பாருங்க ஒரு கனம், பிள்ளைங்க முந்தானையைப் புடிச்சுத் தொங்குற மாதிரி. அப்ப இழுங்க."

அடுத்த அடிக்கு நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சத்தம் வந்தது. ஒன்று. தவளையைக் காணோம். இரண்டு. நரம்பு மெல்ல இடது பக்கம் நகர்ந்தது. அப்புறம் அந்தக் கனம். முந்தானை என்று அவர் சொன்னது சரிதான். இழுத்தேன். கரைக்கு வந்தது ஒன்றேகால் கிலோ இருக்கும். பெரியவர் பார்த்துவிட்டு, "ம்" என்றார். அவ்வளவுதான். எனக்கு வேலையில் பதவி உயர்வு வந்தபோதுகூட அவ்வளவு சந்தோஷம் இல்லை.

எங்கே, எப்போது

திருச்சியில் தூண்டில்காரனுக்குக் காலண்டர் என்பது மேட்டூர்தான். ஜூன் 12இல் திறப்பது மரபு, அணையில் தண்ணீர் இருந்தால். முக்கொம்பில் காவிரி, கொள்ளிடம் என்று ஆறு இரண்டாகப் பிரிந்து ஸ்ரீரங்கத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. வாய்க்கால்களில் தண்ணீர் ஓடி, குளங்கள் நிரம்பிப் பாசி படர்ந்தபின் நம் ஆட்டம் தொடங்கும்.

ஆற்றில் விரால் குறைவு, அதற்கு ஓட்டம் ஆகாது. ஆற்றின் ஆழ மடுக்களில் வாளை உண்டு. அகன்ற வாய், வரிசை வரிசையாகப் பல், நீளமான வெள்ளி உடம்பு. துடுப்பு வால் லூரைக் கனமான ஈயத்தலை முள்ளில் மாட்டி அடி ஒட்டி இழுத்தால் சாயங்கால நேரத்தில் அடிக்கும். ஆனால் உலக அளவிலேயே அழியும் ஆபத்துப் பட்டியலில் சேர்ந்துவிட்ட மீன் அது. கிடைத்தால் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள்.

உய்யக்கொண்டான் வாய்க்காலைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, புத்தூர் ஆறுகண், பாலக்கரை என்று ஊருக்குள் நுழைந்து, வாழவந்தான்கோட்டை ஏரி வரைக்கும் போகிறது. சோழர் காலத்து வாய்க்கால். ஊருக்குள் நுழைகிற வரைக்கும் நன்றாக இருக்கும், குரவையும் விராலும் கிடைக்கும். ஊருக்குள் சாக்கடை கலக்கிறது. அங்கே காற்றைக் குடிக்கத் தெரிந்த விரால் பிழைத்துக் கிடக்கலாம். அதற்காக அதை நாம் குழம்பு வைத்துச் சாப்பிட வேண்டும் என்பதில்லை.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, பெரும்பாலான குளங்களில் மீன் குத்தகை ஏலம் போயிருக்கும். குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டுத் தூண்டில் போடுங்கள். கேட்டால் பெரும்பாலும் "போட்டுக்கங்க" என்பார்கள், கேட்காமல் போட்டால்தான் வம்பு. இரண்டு, முக்கொம்பு, கல்லணை மதகுகளுக்குக் கிட்டேயும் கொள்ளிடத்து மணல் திட்டிலும் நிற்காதீர்கள். மதகைத் திறந்தால் தண்ணீர் சொல்லிக்கொண்டு வராது. 2018 ஆகஸ்டில், 1830களில் கட்டிய முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பக்கத்து மதகுகளையே பெயர்த்துக்கொண்டு போன வெள்ளத்தை நாம் பார்த்தவர்கள்.

ஸ்ரீரங்கத்தான்

எங்கள் கூட்டத்தில் ஒருவன் உத்திர வீதிக்காரன். வெங்காயம்கூட யோசித்துச் சாப்பிடுகிற வீடு. ஆனால் அவனைப்போல் தவளை வீச எங்களில் ஆள் இல்லை. அடிக்கிற மீனை எல்லாம் கையை நனைத்துக்கொண்டு பிடித்து, முள்ளை எடுத்து, தண்ணீரில் விட்டுவிடுவான். முள் நுனியில் திரும்பி நிற்கிற நாக்கைக்கூடக் குறடால் நசுக்கி வைத்திருப்பான், எடுக்கும்போது மீனுக்குக் கிழியக் கூடாதென்று.

"திங்க மாட்டே. அப்புறம் எதுக்குடா பிடிக்கிறே?" என்று கேட்டால், "செஸ் ஆடுறவன் குதிரையையா திங்கிறான்?" என்பான்.

நான் தின்கிறவன். விரால் குழம்பை விட்டுக்கொடுக்கிற ஞானம் எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் போன கார்த்திகையில் ஒரு காரியம் நடந்தது.

மழை விட்டிருந்த காலை. கரையோரம் நாணலுக்கு நடுவில் ஒரு முறம் அளவு தண்ணீர் கொதிப்பது போலத் தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். செக்கச்செவேலென்று நூற்றுக்கணக்கில் விரால் குஞ்சு. ஒவ்வொன்றும் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. மூச்சு வாங்க மொத்தமாக மேலே வருகின்றன, மொத்தமாக இறங்குகின்றன. அவற்றுக்குச் சரியாகக் கீழே, ஒரு முழத்துக்கும் மேலே நீளமான ஒரு நிழல்.

இந்த நேரத்தில் விரால் பசிக்காகக் கடிப்பதில்லை, காவலுக்காகக் கடிக்கும். குஞ்சுகளுக்கு நடுவில் தவளையை இழுத்தால் போதும், நூற்றுக்குத் தொண்ணூறு அடிக்கும். தூண்டில்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த குறுக்குவழி. அந்த மீனை எடுத்துவிட்டால் ஜிலேபியும் குரவையும் சாயங்காலத்துக்குள் குஞ்சு மொத்தத்தையும் தின்று தீர்த்துவிடும்.

எனக்குத் தெரியும். தெரிந்தும் ராடைத் தூக்கிவிட்டேன். மூன்று கிலோ இருக்கும் அது, நான் பார்த்ததிலேயே பெரிய விரால். கையில் தவளை ஆடிக்கொண்டிருக்கிறது. ஸ்ரீரங்கத்தான் பக்கத்தில்தான் நின்றான். பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. மெதுவாக, "சத்தத்துக்கு இழுக்கறே" என்றான்.

ராடைக் கீழே வைத்தேன். இரண்டு பேரும் கரையில் உட்கார்ந்து, பிளாஸ்கில் கொண்டுபோன காபியைக் குடித்தபடி அந்தச் சிவப்புக் கூட்டம் மேலே வருவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு அதற்குமேல் வீசவில்லை.

குளத்தில் மிச்சமாவது

இப்போது அந்த வேண்டாத கேள்வி. தவளையின் உயிர் மிச்சம், சரி. குளத்தில் பிளாஸ்டிக்?

பிய்ந்த வாலும் அறுந்த புழுவும் மக்காது. அடியில் கிடந்து, இரை என்று நினைத்து மீன் விழுங்கும். 2009இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், ட்ரவுட் மீன்களுக்கு முன்னால் இந்தப் பிளாஸ்டிக்கைப் போட்டபோது பெரும்பாலானவை தாமாகவே எடுத்து விழுங்கின. விழுங்கியவை தீனி எடுப்பது குறைந்து மெலிந்தும் போயின. மெய்ன் மாநிலத்தில் 2013இல் இந்த லூர்களையே தடை செய்யச் சட்ட முன்வரைவு வந்தது. மீன்பிடிக்கிறவர்கள் எதிர்த்ததில் அது ஆய்வு செய்வதோடு நின்றுபோனது. நம் குளங்களில் கேரி பேக்குக்கு முன்னால் இதெல்லாம் தூசு என்று நீங்கள் சொல்லலாம். நானும் சொல்லிப் பார்த்தேன். வசதியான பதில்தான், ஆனால் புழுவைப் போட்டது கேரி பேக் இல்லை, நான்.

அதனால் சில பழக்கம். பிய்ந்ததைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். கிழிந்த இடத்தை லைட்டரில் ஒரு நொடி காட்டி ஒட்டினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும், ஒரு புழு நாலு புழுவாக உழைக்கும். நரம்பு பாசியில் சிக்கினால் அறுத்துவிட்டு வராமல், முடிந்தவரை இறங்கி எடுக்கிறேன். இன்னொன்று, பணத்துக்காக. பி.வி.சி. லூரையும் ரப்பர் பேண்ட் மாதிரி இழுபடுகிற புது ரக லூரையும் ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். ஒன்றை ஒன்று கரைத்துவிடும். கத்திரி வெயிலில் பைக் பெட்டிக்குள் ஒரு டப்பாவை வைத்துவிட்டு மத்தியானம் திறந்தேன். பச்சைப் புழு, வெள்ளை மீன், கறுப்புப் பல்லி எல்லாம் சேர்ந்து ஒரே அல்வா. ஆயிரத்து இருநூறு ரூபாய் அல்வா.

முந்நூறும் சும்மாவும்

ஓலையூர்ப் பெரியவரிடம் ஒரு தவளையைக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன், குருதட்சிணை மாதிரி. உயிர்த் தவளையை விட்டுவிடுவார் என்று ஒரு நப்பாசையும் இருந்தது. இரண்டு வாரம் கழித்துப் போனேன். அவர் கையில் என் தவளை இல்லை.

"என்னாச்சுங்க ஐயா?"

"பேரன் எடுத்து வெளையாடுறான். நமக்கு அது எதுக்கு? இந்தா பாருங்க."

நரம்பு நுனியில் தொங்கியதைக் காட்டினார். நீலமும் வெள்ளையுமாக, ஒரு பக்கம் கூர், ஒரு பக்கம் மொத்தை. குறுக்கே ஒரு முள். பழைய ஹவாய் செருப்பு.

எனக்குப் பேச்சு வரவில்லை. மாமா பையனை இவர் பார்த்திருக்க வழியில்லை. மணப்பாறைப் பக்கம் அந்தக் குளத்தில் இப்போது தண்ணீரும் இல்லை. பெரியவர் என் முகத்தைக் கவனிக்கவில்லை. "உங்களுது நல்லாத்தான் இருக்கு. ஆனா இது மெதக்குறது இன்னும் சொகமா இருக்கு. பிஞ்சாலும் கவலை இல்ல, இன்னொரு கால் செருப்பு கெடக்கு" என்றபடி வீசினார். டப். இலைமேல் ஏறியது, இறங்கியது. டப். தண்ணீர் வெடித்தது. அவர் அசையவில்லை. நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதுக்கு மெல்ல ராடைத் தூக்கினார்.

முந்தாநாள் ராத்திரியிலிருந்து வீட்டில் ஒரு விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. பின்கட்டில் கிடந்த பாத்ரூம் செருப்பில் ஒரு கால் காணோமாம். நாய் இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று நான் சொல்லியிருக்கிறேன். எங்கள் தெருவில் அவ்வளவு நாய் இருப்பது ஒரு விதத்தில் நல்லதுதான்.